அறை எண் 307

பென் டிரைவில் வந்தது படம்,
காதுகுத்து ஃப்ளெக்ஸ் இரண்டுக்கும்
கண்ணீர் அஞ்சலி ஒன்றுக்கும் நடுவில்.
கோப்பின் பெயர்: ராணி ஃபைனல் புதுசு.

மாட்டுத்தாவணிப் பக்கம் திறக்கப்போகும் ஓட்டல்.
நாற்பத்திரண்டு அறை, நாற்பத்திரண்டு கேன்வாஸ்,
ஒவ்வொன்றும் நாலுக்கு மூன்று அடி.
"ராஜா காலத்துப் படம்னா
ரூமுக்கு ஐந்நூறு கூட வைக்கலாம்"
என்றார் மேனேஜர் கருணைராஜன்.
எந்த ராஜா என்று கேட்க
எங்கள் சிம்மக்கல் கடையில் யாருக்கும் நேரமில்லை.

மூலம் எந்த ஊர் இழுப்பறையில் இருக்கிறதோ.
என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம்
என்று ஓரத்தில் எழுதியிருந்தது.
தக்காணத்து மேல்மாடம். பொழுது சாய்கிற நேரம்.
திண்டில் சாய்ந்து ஒருத்தி,
அவள் விரலில் ஒரு மைனா,
பின்னால் சாமரம் வீசுகிறவள்.

எண்ணூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
ராணியின் முகத்தில் ஒன்றுமே இல்லை,
வெள்ளையடித்த சுவர்.
சாமரக்காரியின் முகத்தில்தான்
ஓவியன் வெகுநேரம் தங்கியிருக்கிறான்.
கீழிமையில் ஒற்றை முடித் தூரிகை
மூன்று தடவை போய்த் திரும்பியிருக்கிறது.
கை சலித்துப்போன ஒருத்தியை
அவன் பார்த்திருக்க வேண்டும்.
அல்லது அவனுக்கே கை வலித்ததோ என்னவோ.

அவள் தோளுக்கு மேலே, வானத்தில்,
ராமபாணப் பூச்சி தின்ற துளை.
கடுகளவு.
நாலடிப் படத்தில் அது
சட்டைப் பொத்தான் அளவு வரும்.

திருத்தம் மூன்று சொன்னார் கருணைராஜன்:
ராணி இன்னும் சிவப்பா இருக்கணும்,
ஓட்டை போகணும்,
நகையெல்லாம் தகதகங்கணும்.

மூலத்தில் அது பொன்.
எங்கள் மெஷினில் நாலு மை டப்பா.
முதல் சோதனையில் சாம்பார் வந்தது,
அடுத்ததில் மஞ்சள் காமாலை.
மூன்றாவதை அவர் ஒத்துக்கொண்டார்,
நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை,
ஆனால் பில் என் பேரில் இல்லை.
ராணியை வெளுத்தேன். ஆமாம், நான்தான்.
பக்கத்து வானத்தில் ஒரு துண்டு கிள்ளி
துளையின் மேல் ஒட்டினேன்.

சித்திரை மாதத்து ராத்திரி.
ஏசி மெஷினுக்கு மட்டும், எனக்கில்லை.
மை கக்கும் தலை இடமிருந்து வலம்,
வலமிருந்து இடம்,
விடிய விடிய வீசிக்கொண்டிருந்தது.
நாற்பத்தொன்று முடிந்தபோது
பால் வண்டிகள் போக ஆரம்பித்திருந்தன.
கடைசி ஒன்றைப் பழைய கோப்பிலிருந்து ஓட்டினேன்,
துளையோடு.
தூக்கக் கலக்கம் என்று சொல்லியிருக்கலாம்.
யாரும் கேட்கவில்லை.

ஆடி பிறந்து போன் வந்தது.
"முந்நூத்தி ஏழுல படம் ஓட்டையாப் போச்சு,
பசங்க எதையோ வச்சு அடைச்சுட்டாய்ங்க,
வந்து பாரும்மா."

போனேன்.
டிவிக்கு மேலே, ரிமோட் தாங்கிக்குப் பக்கத்தில்
அதே மாடம், அதே மைனா,
வானத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில்
எம்சீல் உருண்டை ஒன்று அமுக்கியிருந்தது.
ரூம் பையன் சோலைராசு
துண்டு மடிப்பதை நிறுத்தவில்லை.
"தடவிப் பாத்தேங்க்கா, வழவழன்னுதான் இருந்துச்சு.
இருந்தாலும் கண்ணுக்கு ஓட்டை தெரியுதுல்ல?"

கிட்டப் போய்ப் பார்த்தேன்.
உருண்டை மேல் அவன் கட்டைவிரல் ரேகை,
வளையம் வளையமாக,
எண்ணூறு சதவீதம் தேவைப்படவில்லை.

வேறு அடித்துத் தருகிறேன் என்றேன், காசில்லாமல்.
பிரேம் போடும் கமருதீன்
ஆணிகளைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு
"குப்பைக்கா?" என்று கண்ணால் கேட்டார்.
இல்லை என்று சுருட்டி வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.
என்னம்மா இது என்றார்.
படம் என்றேன்.
எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும்
எம்சீல் இருந்த இடத்தில் மட்டும்
வானம் சுருள மாட்டேன் என்றது.
ஆரப்பாளையம் வரைக்கும்
விலாவில் குத்திக்கொண்டே வந்தது.